ஹட்டியா, ஹுட்டியா: கோத்தகிரி ஆவண அறையில் மூன்று வாரம்

முதல் நாள், ஞாயிறு

விருதுநகரில் நேற்று இரவு பஸ் ஏறும்போது ஒன்பது மணிக்கும் கம்பி சுட்டது. கத்திரி வெயில். இன்று மதியம் இதை எழுதும்போது ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதுகலை வரலாறு முதலாண்டு முடிந்ததும் கோடைப் பயிற்சிக்கு எங்காவது போயே ஆகவேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். தோழிகள் பாதிப் பேர் சென்னை. எனக்குக் கிடைத்தது கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வரலாற்று மையம், அதோடு ஒட்டிய ஆவணக் காப்பகம். பெயர் எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டதால் ‘மையம்’ என்றே சொல்கிறேன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் சான்றிதழும் உண்டு. அப்பா போனில் “சாப்பாடு போடறாங்கல்ல, போயிட்டு வா” என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ். சீசன் என்பதால் சுற்றுலா வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி இந்த வழியாக இறக்கிவிடுகிறார்கள், அதனால் நாங்கள் ஏற ஏற எதிரே கார்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே இருந்தன, எல்லாக் கார்களின் பின்கண்ணாடியிலும் ஒரு கேரட் கட்டு. குஞ்சப்பனை வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் “பலா பழுக்கற நேரம், ஆனை ரோட்டுக்கு வந்துடும்” என்றார். வரவில்லை. பலாவாசம் மட்டும் வந்தது.

2-ஆம் நாள்

மையம் ஒரு பழைய ஓட்டு வீடு. முன்னறையில் படங்களும் மரச் சாமான்களும் கண்காட்சி மாதிரி. பின்னறைதான் காப்பகம்: இரும்பு அலமாரி ஏழு, ஒரு நீள மேசை, கேமராவைத் தலைகீழாக மாட்டும் ஸ்டாண்டு, மூலையில் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவி. காகிதத்துக்கு 50 சதவீதம் வாக்கில் இருந்தால் நல்லதாம். இன்று காலை 71 காட்டியது. பொறுப்பாளர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, பால் பொங்குவதைப் பார்ப்பது போல ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

என்னவெல்லாம் இருக்கிறது என்றால், தேயிலை, காப்பித் தோட்டக் கணக்குகள், தோட்டக்காரக் குடும்பங்கள் கொடுத்துவிட்டுப் போன கடிதக் கட்டுகள், பள்ளிக்கூடப் பதிவேடுகள், வரைபட நகல்கள், யாரோ முப்பது வருடம் முன்பு கிழவர்களிடம் பேசிப் பதிவு செய்த கேசட்டுகள் ஒரு பெட்டி. என் வேலை கடிதக் கட்டுகள். ஒவ்வொரு தாளையும் தூசி தட்டி, எண் போட்டு, படமெடுத்து, என்ன இருக்கிறது என்று எக்செல்லில் ஒரு வரி.

நான் வெள்ளைக் கையுறை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அக்கா சிரித்தார். காகிதத்துக்குக் கையுறை போடக் கூடாதாம், விரலுக்குத் தாளின் நுனி தெரியாமல் போய்க் கிழித்துவிடுவோம், சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கைதான் சரி. போட்டோவுக்கும் நெகடிவ்வுக்கும் மட்டும் கையுறை. பேனா உள்ளே வரக் கூடாது, பென்சில் மட்டும். தண்ணீர் பாட்டில், வர்க்கி பிஸ்கட், ரெண்டும் வாசலோடு சரி. வர்க்கி ஏன் என்று கேட்டால், அது உதிர்ந்தால் ராமபாணப் பூச்சிக்குப் பந்தி வைத்த மாதிரி.

3-ஆம் நாள்

இன்றைக்குத்தான் மாசிக்காய் மை என்றால் என்ன என்று கண்ணால் பார்த்தேன். மாசிக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய மை, அந்தக் காலத்து எழுத்து பெரும்பாலும் இதில்தான். எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டுக் கறுக்கும். நூறு நூற்றைம்பது வருடத்தில் அந்த மையில் இருக்கும் அமிலமே தாளைத் தின்றுவிடுகிறது. ஒரு கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், அழுத்தி எழுதிய இடங்களில் எழுத்து இல்லை, எழுத்தின் வடிவத்தில் ஓட்டை இருக்கிறது. ஓட்டை வழியாக எதிரே இருந்த அலமாரியின் பச்சை பெயின்ட் தெரிந்தது. அந்தப் பச்சையை வைத்தே ஒரு சொல்லைப் படித்தேன்.

கையெழுத்து சுத்தமாக விளங்கவில்லை. காலை முழுக்க எட்டுக் கடிதம். பத்தரை மணிக்கு ஒரு தாத்தா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், படுகர், செவ்வாயும் வெள்ளியும் வந்து உதவி செய்கிறார், காசு வாங்குவதில்லை. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணால படிக்காதீங்க கண்ணு, வாயால படிங்க” என்றார்.

படித்தேன். ‘திம்ஹுட்டி’ என்றேன். “யாரு ஊரும்மா அது?” என்றார். பிறகு அவரே இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டு, “திம்பட்டி” என்றார். இங்கேயிருந்து கூப்பிடு தூரம். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து முதலில் தங்கிய இடம் அது. எங்கள் பாடத்தில் இருக்கிறது, இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

5-ஆம் நாள்

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. பழைய ஆங்கிலக் கடிதங்களில் ‘யு’ (u) போட்டிருந்தால் அது பெரும்பாலும் உகரம் இல்லை, அகரம். இங்கிலாந்துக்காரர் காதுக்கு ‘ஹட்டி’யில் (படுகர் ஊருக்கு ஹட்டி என்பார்கள்) வருகிற அ, அவர் ஊரில் யு போட்டு எழுதும் ஒலியாகக் கேட்டிருக்கிறது. உகரம் வேண்டுமென்றால் இரண்டு ஓ (oo). ஈகாரத்துக்கு இரண்டு ஈ (ee). ‘நெட்டிவுட்டம்’ என்று நான் படித்தது நடுவட்டம், 1860-களில் சிங்கோனா நட்டார்களே, கொய்னா மருந்துக்கு, அந்த நடுவட்டம். ‘சுட்டியமுங்கலம்’ சத்தியமங்கலம். 1870-களில் ஹன்டர் என்கிற அதிகாரி இந்திய ஊர்ப்பெயர்களை எழுத ஒரே முறையைக் கொண்டுவருகிற வரைக்கும் ஆளாளுக்குக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் சும்மா விட்டார்களா என்றால் இல்லை.

ஊட்டியே பாருங்கள். 1821-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குப் போன கடிதத்தில் ‘வோட்டோக்கிமண்ட்’ என்று இருக்கிறது, அச்சில் அந்த ஊர்ப்பெயர் வந்தது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். மண்ட் என்பது தோடர்களின் மந்து, அவர்கள் குடியிருப்பு. அங்கிருந்து ஊட்டகமண்ட் ஆகி, ஊட்டி ஆகி, இப்போது போர்டில் உதகமண்டலம். மந்து எப்படி மண்டலம் ஆனதோ.

எங்கள் ஊரைச் சொல்ல வேண்டாம், 1923 வரைக்கும் அது விருதுப்பட்டி.

6-ஆம் நாள்

தப்பு பண்ணிவிட்டேன். பெரிய தப்பு.

ஒரு கட்டில் 46 தாள். எல்லாவற்றையும் படமெடுத்து எண் போட்டு முடித்து, நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து சரிபார்த்தால், 11-ஆம் தாளின் எண்ணில் 12-ஆம் தாள் இருக்கிறது. 10-ஆம் தாளின் முதுகு வெறும் காலிப் பக்கம், என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன், ஆனால் எண்ணை மட்டும் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறேன், நடுவில் இன்னொரு தாளை இரண்டு தடவை எடுத்திருக்கிறேன், ஆகக் கணக்கு கடைசியில் சரியாக வந்து என்னை ஏமாற்றிவிட்டது. அக்கா திட்டவில்லை. “காலிப் பக்கமும் பக்கம்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் ஆறரை வரைக்கும் உட்கார்ந்து 46-ஐயும் மறுபடி எடுத்தேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. தபால் தாத்தா எனக்காகக் காத்திருந்து, இருட்டில் தனியாகப் போகக் கூடாது, காட்டுமாடு நிற்கும் என்று வீட்டு முக்கு வரைக்கும் கூட வந்தார். நின்றது. தேயிலைச் சரிவில் மூன்று, தெருவிளக்கு வெளிச்சத்தில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை மட்டும் பளிச்சென்று, வெள்ளை சாக்ஸ் போட்ட ஆட்கள் மாதிரி. தாத்தா குரலை உயர்த்தாமல் அதுகளிடம் ஏதோ படுக மொழியில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்றேன். “ஒண்ணும் இல்ல, நாங்க போயிடறோம்னு.”

8-ஆம் நாள், ஞாயிறு

கன்னேரிமுக்கு. கோத்தகிரியிலிருந்து கொஞ்ச தூரம்தான். சல்லிவன் 1819-இல் கட்டிய பெத்தக்கல் பங்களா இங்கே இருக்கிறது, இடிந்து கிடந்ததை எடுத்துக் கட்டி நினைவகமாக வைத்திருக்கிறார்கள். செம்மண் நிறச் சுவர், இரண்டு மாடி, பெரிய பங்களா என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், எங்கள் ஊர் மளிகை மொத்த வியாபாரி வீடு இதைவிடப் பெரிது. ஆனால் வாசலில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தால் அவர் ஏன் இங்கே கட்டினார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சல்லிவனைப் பற்றி இங்கே எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். தோடர்களுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்று மேலிடத்தோடு வாதாடியவர், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் எல்லாம் கொண்டுவந்து போட்டவர், ஊட்டி ஏரியை வெட்டியவர். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு வாரமாகக் கடிதம் படித்த கண்ணோடு பார்க்கும்போது, ஏரியை “வெட்டியவர்” என்று சொல்கிறோமே, மண்வெட்டியை யார் பிடித்தார்கள் என்று தோன்றாமல் இல்லை.

வழியில் வர்க்கி வாங்கினேன். புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கி, டீயில் முக்கினால் அடுக்கடுக்காகப் பிரிகிறது. பாதி டீக்குள் போய்விட்டது.

10-ஆம் நாள்

மஸ்டர் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். தோட்டத்து ஆள் வருகைப் பதிவு. அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி ஓடிய வாய்க்கால். இடது பக்கம் பெயர், அப்புறம் நாளுக்கு ஒரு கட்டம், வேலைக்கு வந்தால் ஒரு கோடு, அரை நாள் என்றால் அரைக் கோடு, வலது ஓரத்தில் அணா, தம்பிடியில் கூலி. பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய், இது தெரியாமல் நான் முதலில் தசமத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ்நாட்டிலிருந்து மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த ஆட்கள். பெயர்களைப் பார்த்தால் ‘மூனியன்’, ‘குருப்பன்’, ‘சுடியன்’. இப்போது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: முனியன், கருப்பன், சடையன். ஒரு பக்கத்தில் ‘மூனியன் 1, மூனியன் 2, மூனியன் 3’. நான்காவது வரிசையில் ‘மூனியன் 2’ மட்டும் மாதத்தின் 19-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பிறகு கோடு இல்லை, கட்டங்கள் காலி. காரணம் எழுதவில்லை. காய்ச்சலா, ஊருக்குப் போனாரா, வேறு தோட்டத்துக்கா. அடுத்த மாதம் மூனியன் 3, மூனியன் 2 ஆகிவிட்டார்.

அந்த ஒரு பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். காலிக் கட்டங்களையும் சேர்த்துத்தான் படமெடுத்தேன், எண் தப்பாமல்.

தாத்தா வந்ததும் காட்டினேன். அவர் கூலியைத்தான் பார்த்தார். “எங்க தாத்தன் காலத்துல இங்க ஊரு ஊரா ராகியும் சாமையும்தான், பிறகுதான் தேயிலை” என்றார். இன்றைக்குப் பச்சைத் தேயிலை கிலோவுக்கு என்ன விலை தருகிறார்கள் என்று ஆரம்பித்து, அது ஒரு பத்து நிமிடம் போயிற்று, அதை எழுதினால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரை ஆகிவிடும்.

12-ஆம் நாள்

மழை. கோத்தகிரி மலையின் கிழக்குப் பக்கம், ஜூனில் கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இங்கே அவ்வளவாக இராது, இங்கே பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான் என்றார்கள். இது கோடை மழையாம். சரி, கோடை மழையே இப்படியென்றால். கருவி 80-ஐத் தொட்டது. ஓட்டில் ஓரிடம் சொட்டி ஒரு கட்டின் மேல் நாலைந்து தாள் நனைந்துவிட்டது. நான் வெயில் வந்ததும் காயவைக்கலாம் என்றேன், அக்கா தலையில் கைவைத்தார். வெயிலில் வைத்தால் சுருண்டு நொறுங்கும். தாளுக்கு நடுவே மை ஒற்றும் தாள் வைத்து, ஃபேனை நேராக அடிக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்து, ஒற்றும் தாளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நாள் முழுக்க அதுதான். குழந்தைக்கு ஈரத்துணி மாற்றுகிற மாதிரி.

13-ஆம் நாள்

இன்று என் சொந்த யோசனை ஒன்றை அக்கா ஏற்றுக்கொண்டார், அதனால் கொஞ்சம் பெருமை.

பட்டியலில் பிரச்சினை என்னவென்றால், எனக்கு முன்னால் வந்த மாணவர்கள் ஊர்ப்பெயரைக் கடிதத்தில் இருந்தபடியே அடித்திருக்கிறார்கள். ஜக்கதளா என்று தேடினால் ஒன்றும் வராது, ‘ஜாக்கட்டல்லா’ என்று கிடக்கிறது. அதே இடம்தான் பட்டாளம் வந்து 1860-இல் வெலிங்டன் என்று பெயர் மாறியது, ஆக மூன்றாவது பெயரிலும் கடிதங்கள் இருக்கின்றன. கேத்தி ‘கைட்டி’யாக இருக்கிறது. தன் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிற ஒரு கேத்திக்காரர் கைட்டி என்று எப்படித் தேடுவார்? இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போவார். கடிதம் அலமாரியில் பத்திரமாக இருக்கும், ஈரப்பதம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் இல்லாததற்குச் சமம்.

ஆகவே கடிதத்தில் உள்ள எழுத்து ஒரு பத்தியில் அப்படியே (அதை மாற்றக் கூடாது), பக்கத்துப் பத்தியில் தமிழில் இன்றைய பெயர், அதற்குப் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதி. மூன்றாவது பத்தியை அக்காதான் சேர்க்கச் சொன்னார், நாளைக்கு யாராவது அது தப்பு என்றால் எங்கே போய்க் கேட்பது என்று தெரியவேண்டுமாம்.

தாத்தா உட்கார்ந்தார். நான் வாயால் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஒவ்வொரு ஊராகச் சொன்னார். முப்பது வருடம் நடந்தே தபால் போட்டவர், சில பெயர்களுக்கு வலது கை தானாக ஒரு பக்கம் நீளும், ஊர் அந்தத் திசையில் இருப்பதால். மதியத்துக்குள் 38 பெயர். சாப்பாட்டில் அவரைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு, களிக்குத் தொட்டுக்கொள்ள. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

15-ஆம் நாள், ஞாயிறு

ஊட்டி. கூட்டத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. குன்னூர் போய் மலை ரயிலில் போகலாம் என்ற ஆசை டிக்கெட் கவுன்டரிலேயே முடிந்தது, பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

புனித ஸ்டீபன் தேவாலயம் மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தேன். 1830-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், தோற்றவனின் உத்தரத்தை ஜெயித்தவனின் கோயிலுக்கு மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள், யானைகளை வைத்து. பின்னால் கல்லறைத் தோட்டம் மேட்டில் ஏறிக்கொண்டே போகிறது. சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் இங்கேதான், 1838. இளவயது, குழந்தைகள், அப்படி நிறையக் கற்கள். ஒரு கல்லில் பாசியை விரலால் தள்ளிப் பெயர் படிக்கப் பார்த்து, அக்காவின் முகம் நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது கல்லூரி வாசல் வழியாக வந்தேன். அரசு கலைக் கல்லூரிக்குள் இருக்கிறது சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் வீடு. கல் பங்களா என்பார்கள் இங்கே. எழுத்துப் பிழை செய்ய இடமே இல்லாத பெயர்.

19-ஆம் நாள்

பதினாறு நாளுக்கு முன்னால் எட்டுக் கடிதம், இன்று முப்பத்தொன்று. வேறு ஒன்றும் இல்லை. சளி.

20-ஆம் நாள், வெள்ளி

நாளை மதியம் கிளம்புகிறேன். பெயர்ப் பட்டியல் 143 எழுத்துமுறைகளில் நிற்கிறது, அவற்றில் விளங்கியவை எல்லாம் சேர்ந்து 61 ஊர். ஒன்பது பெயர் யாருக்கும் விளங்கவில்லை. தாத்தா, அவர் அக்கா மகன், வீட்டுக்கார அம்மா, பால்காரர் என்று எல்லோரிடமும் வாசித்துக் காட்டியாயிற்று. அவற்றுக்கு எதிரே கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஊகித்து நிரப்பாதே என்பது அக்காவின் உத்தரவு.

கடைசிக் கட்டில் தாத்தாவின் சொந்த ஊர் வந்தது. நான் முதலில் சொல்லவில்லை, வாயால் படித்தேன். அவருக்குத் தெரியவில்லை. மறுபடி படித்தேன். அப்புறம் கண்ணைத் திறந்து, “எங்க ஊரா?” என்றார். (ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.) கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாளைத் தொடாமல் குனிந்து நெடுநேரம் பார்த்தார். 1874-ஆம் வருடத்துக் கடிதம், ஒரு பாலம் கட்ட ஆள் வேண்டும் என்று யாரோ யாருக்கோ எழுதியது, அவ்வளவுதான் விஷயம், அதில் நடுவில் அந்த ஊர், ஐந்து எழுத்தில் மூன்று தப்பு.

“இந்த விலாசத்துல ஒரு லெட்டர் வந்திருந்தா நான் ஆளில்லைன்னு திருப்பியிருப்பேன்” என்றார்.

நிஜமாகவா தாத்தா என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“இல்ல கண்ணு, கொடுத்திருப்பேன். ரெண்டு நாள் லேட்டாகியிருக்கும்.”